பழைய லங்காஷயர் பேப்பர்ல குடும்பம் தேடுறது: சில வருஷ அனுபவம்

பழைய பேப்பர் தேடுற தளத்துக்குக் காசு கட்டலாமா வேண்டாமான்னு கேக்குறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன், கட்டலாம், ஆனா வருஷம் முழுக்க கட்டத் தேவையில்ல. நான் சில வருஷமா பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் (காசு கட்டுறது இதுக்குத்தான்), ஆஸ்திரேலியாவோட ட்ரோவ், வேல்ஸ் தேசிய நூலகத்தோட பேப்பர் தளம்னு பழைய பேப்பரை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கிற இந்த மூணு தளத்தையும் மாத்தி மாத்தி யூஸ் பண்றேன். தேடுறது என் குடும்பத்தை இல்ல, வீட்டுக்காரரோட அம்மா வழி. இங்கிலாந்துல லங்காஷயர்ல பர்ன்லிக்கும் கோல்னுக்கும் நடுவுல நெல்சன்னு ஒரு ஊரு, அங்க தலைமுறை தலைமுறையா மில்லுல தறி ஓட்டினவங்க. சர்நேம் சொல்லல, அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தா அந்தப் பேர்க்காரங்க மேலதான் விழணும், அவ்ளோ காமன், அதுதான் பிரச்சனையே.

சென்சஸ்ல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பேரு, வயசு, தொழில்னு ஒரு வரி கிடைக்கும். நடுவுல அந்த ஆளு என்ன ஆனான்னு தெரியணும்னா பேப்பர்தான். ஆனா ஏழைப்பட்டவங்க பேரு விக்டோரியா காலத்துப் பேப்பர்ல எப்ப வரும்னா, கோர்ட்டுக்குப் போனா வரும், மில்லுல கை போனா வரும், அசம்பாவிதமா செத்தா வரும். ஒழுங்கா வேலைக்குப் போயி ஒழுங்கா சர்ச்சுக்குப் போனவன் ஒரு வரிகூட வாங்கமாட்டான். எங்க மாமியார் இதை லேசுல ஒத்துக்கல, எங்க தாத்தாவோட அப்பா குடிச்சிட்டு கலாட்டா பண்ணினாருன்னு மட்டும்தான் கிடைக்குமா, வேற ஒண்ணுமே இல்லையான்னு ரொம்ப நாள் புலம்பினாங்க. 1860கள்ல அமெரிக்க உள்நாட்டுப் போரால பஞ்சு வராம மில்லெல்லாம் மூடினப்ப நிவாரண நிதி லிஸ்ட் பக்கம் பக்கமா வந்திருக்கு, ஆர்வமா போய்ப் பாத்தா அதெல்லாம் குடுத்தவங்க பேரு, வாங்கினவங்க பேரு இல்ல.

இன்னொண்ணு, எந்த வருஷத்துல தேடுறீங்கங்கிறது முக்கியம். 1836 வரைக்கும் ஒரு பேப்பருக்கு முத்திரை வரியே நாலு பென்னி, அப்புறம் ஒரு பென்னியா குறைச்சாங்க, 1855லதான் எடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் சின்ன ஊர்லகூட ஒரு பென்னிக்கு வாரப் பேப்பர் வர ஆரம்பிச்சுது, தெருச்சண்டை வரைக்கும் எழுதினாங்க. அதனால 1840கள்ல ஒரு நெசவாளியைத் தேடி ஒண்ணும் வரலன்னா ஆச்சரியமில்ல, 1860க்கு மேல தேடுங்க.

இப்ப தேடுற விதம். பேரைப் போட்டு என்டர் தட்டுறது வேலைக்கு ஆகாது. அந்தக் கால அச்சு தேஞ்சு போயிருக்கும், மெஷின் படிக்கிறப்ப சி ஓவாகும், எச் பியாகும், எந்தத் தளமானாலும் இதே கதைதான். அதுக்கு மேல வில்லியம்னு முழுசா போடமாட்டாங்க, டபிள்யூஎம்னு புள்ளி வெச்சிருப்பாங்க, தாமஸ் டிஎச்ஓஎஸ், ஜான் ஜேஎன்ஓ. கல்யாணம் ஆன பொம்பளைன்னா பாதி நேரம் சொந்தப் பேரே இருக்காது, இன்னார் மனைவின்னு முடிச்சிருப்பாங்க. நான் இப்பல்லாம் மொதல்ல தெருப் பேரைத்தான் போடுறேன், சென்சஸ்ல இருந்து தெருவை எடுத்து, அதோட மில்லு, விபத்து, அபராதம் மாதிரி ஒரு வார்த்தை, அஞ்சு வருஷ ரேஞ்சு. பேரு தப்பா படிச்சிருந்தாலும் தெரு மாட்டும். ஊர்ப் பேரும் படுத்தும். நெல்சன்ங்கிறது முதல்ல ஒரு சத்திரத்தோட பேரு, அதுதான் பிறகு ஊர்ப் பேராச்சு, அதுக்கு முன்னாடி அந்த இடம் மார்ஸ்டன். நெல்சன்னு போட்டா கப்பற்படை அட்மிரலும் அவர் சிலையும் கொட்டும், மார்ஸ்டன்னு போட்டா யார்க்ஷயர்ல ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்துல இருக்கிற வேற மார்ஸ்டன் வரும்.

கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஃபில்டரை ரொம்ப நம்பாதீங்க. அது பேப்பர் அச்சான ஊரு, சம்பவம் நடந்த ஊரு இல்ல. அப்பல்லாம் ஒரு பேப்பர் செய்தியை இன்னொண்ணு அப்படியே வெட்டி ஒட்டிக்கும், அதனால உள்ளூர்ப் பேப்பரோட அந்த வருஷம் ஸ்கேன் ஆகலன்னாலும், ஏன், பேப்பரே அழிஞ்சு போயிருந்தாலும், வேல்ஸ் பேப்பர்லயோ ஸ்காட்லாந்து பேப்பர்லயோ சுருக்கமா கிடைக்கும். அழிஞ்சதும் நிஜம்தான், லண்டன் காலிண்டேல்ல இருந்த நியூஸ்பேப்பர் லைப்ரரி மேல 1940 அக்டோபர்ல குண்டு விழுந்து வெளியூர்ப் பேப்பர் வால்யூம் ஆயிரக்கணக்குல போச்சு. வேல்ஸ் தளம் சுத்தமா ஃப்ரீ, 1919 வரைக்கும் பத்து லட்சத்துக்கு மேல பக்கம் இருக்கு, காசு கட்டறதுக்கு முன்னாடி அங்க பழகிக்கோங்க.

எனக்குக் காசுக்கு முழுசா வசூலானது ஒரே ஒரு செய்தியில. மாமியாரோட பூட்டன் வீட்டுல அவரோட அம்மா 1871 சென்சஸ்ல இருக்காங்க, விதவைன்னு போட்டிருக்கு, 1881ல ஆளைக் காணோம். செத்திருப்பாங்கன்னுதான் எல்லாரும் எழுதி வெச்சிருந்தாங்க, ஆனா சாவுப் பதிவு எங்கயும் பொருந்தல. நான் தெருப் பேரை வெச்சு 1870கள்ல தேடினப்ப ஒரு சாவு விசாரணைச் செய்தி வந்துச்சு, அந்த வீட்டுக் குழந்தை ஒண்ணு அடுப்புத் தீயில உடுப்பு பத்தி செத்துப் போயிருக்கு. அம்மாவும் அப்பாவும் ரெண்டு பேரும் மில்லுல. அந்தப் பக்கம் பொம்பளைங்களும் தறிக்குப் போவாங்க, குழந்தையைக் காசு குடுத்து யாருகிட்டயாவது விட்டுட்டுப் போவாங்க. கரோனர், அதாவது அசம்பாவிதச் சாவை விசாரிக்கிற அதிகாரி, பக்கத்து பப்புல உக்காந்து விசாரிச்சிருக்கார், அந்தக் காலத்துல அப்படித்தான், ஜூரிக்கு உக்கார இடம் வேற எங்க இருக்கும். சாட்சி சொன்னது குழந்தையோட பாட்டி, ரெண்டு வீடு தள்ளி குடியிருக்காங்க, ஆனா வேற சர்நேம், இன்னார் மனைவின்னு. அப்ப மறுகல்யாணம் பண்ணியிருக்காங்க! அந்தப் புதுப் பேரை வெச்சு லங்காஷயர் ஆன்லைன் பேரிஷ் கிளார்க்ஸ்ங்கிற சர்ச் பதிவுத் தளத்துல பாத்தா கல்யாணப் பதிவு இருக்கு, 1881 சென்சஸ்லயும் புதுப் புருஷனோட அதே தெருவுலதான் இருக்காங்க. கரோனரோட சொந்த ஆவணங்கள் பல இடத்துல மிஞ்சவே இல்ல, அதனால இந்த அரைப் பத்தி மட்டும்தான் சாட்சி.

அதே பேர்ல வர்றவன்லாம் உங்க ஆளு இல்லங்கிறதை மட்டும் கெட்டியா புடிச்சுக்கோங்க. 1880 கட்டாயக் கல்விச் சட்டத்துக்கப்புறம் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலன்னு அப்பனுக்கு அபராதம் போட்ட கேஸ் கும்பல் கும்பலா வரும், எங்க ஆளு பேர்லயும் ரெண்டு மூணு. வயசு, தெரு, தொழில் இதுல ரெண்டாவது பொருந்தினாத்தான் நான் குடும்ப மரத்துல ஏத்துவேன், மத்ததெல்லாம் தனி ஃபைல்ல கிடக்கு. வீட்டுக்காரருக்கு அந்த ஃபைல்ல இருக்கிற குடிகாரங்க மேலதான் பாசம் ஜாஸ்தி.

ட்ரோவ் பத்தி ஒரு வார்த்தை. ஃப்ரீதான், தப்பா படிச்ச வரியை நாமளே திருத்தலாம், நான் சும்மா உக்காந்திருக்கிறப்ப திருத்துவேன். குடும்பத்துல யாராவது தங்கம் தேடி பல்லாரட் பக்கம் போயிருந்தா அங்க சாவு அறிவிப்புல எந்த ஊர்ல பொறந்தான்னு வரும், கடைசில ஹோம் பேப்பர்ஸ் ப்ளீஸ் காப்பின்னு ஒரு வரி இருக்கும், தாய்நாட்டுப் பேப்பரும் எடுத்துப் போடுங்கன்னு. நாங்க காணாம போன ஒரு தம்பியை அப்படித்தான் புடிச்சோம். நியூசிலாந்துக்கு பேப்பர்ஸ் பாஸ்ட் இருக்கு, அதுவும் ஃப்ரீ.

காசு விஷயம்: தேட வேண்டிய தெரு, வருஷம், பேரு எல்லாம் முன்னாடியே லிஸ்ட் போட்டுட்டு ஒரு மாசத்துக்கு மட்டும் எடுங்க, கிடைச்ச பக்கத்தையெல்லாம் தேதி, பக்க எண்ணோட டவுன்லோட் பண்ணிக்கிட்டு நிறுத்திடுங்க. ஆட்டோ ரெனியூவலை எடுத்த அன்னிக்கே ஆஃப் பண்ணுங்க. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ல ஃப்ரீயா பாக்குற பக்கங்களும் நிறைய உண்டு, அக்கவுண்ட் மட்டும் போதும். இங்கிலாந்துல இருக்கிறவங்க லைப்ரரில கேட்டுப் பாருங்க, பல ஊர்ல உள்ள உக்காந்து பாத்தா காசே கிடையாது.

எனக்கு இப்ப சந்தா இல்ல. குளிர்காலத்துல மறுபடி ஒரு மாசம் எடுப்பேன், இந்தத் தடவை மாமனார் வழி, அயர்லாந்துல மேயோ பக்கம். அங்க 1922ல டப்ளின் ஆவணக் காப்பகம் எரிஞ்சதுல 1821ல இருந்து 1851 வரைக்கும் உள்ள சென்சஸ் பெரும்பாலும் போச்சு, 1861ல இருந்து 1891 வரைக்கும் உள்ளதை அதுக்கு முன்னாடியே அரசாங்கமே அழிச்சிடுச்சு, தெருப் பேரை எங்க இருந்து எடுக்கிறதுன்னே இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்.