வரைந்த பொம்மையைத் தைக்க: ஊர்த் தையல்காரரா, ஃபேக்டரியா?

வேலூரில் சொந்த வடிவில் பஞ்சுப் பொம்மை வேண்டுமென்றால் இரண்டு வழி. லாங்கு பஜாரில் துணி வாங்கித் தையல்காரரிடம் கொடுக்கலாம். வெளியூர் ஃபேக்டரிக்கு ஆர்டரும் கொடுக்கலாம்.

எண்ணிக்கை: தையல்காரர் ஒன்றென்றாலும் தைப்பார். ஃபேக்டரி பெரும்பாலும் நூறு கணக்கில்தான் பேசும்.

வரைபடம்: ஃபேக்டரிக்கு முன், பக்க, பின் தோற்றம் மூன்றும் செ.மீ. அளவோடு போகணும். தையல்காரரிடம் பக்கத்தில் நின்றே "காதைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே" என்று சொல்லிவிடலாம்.

வெட்டு: காரியம் கெடுவது இங்கேதான். ரோமத் துணியை மேலிருந்து கத்தரித்தால் ரோமமும் அறுபட்டுத் தையலோரம் மொட்டையாகத் தெரியும். துணியைக் கவிழ்த்து, பிளேடால் அடித்துணியை மட்டும் கீறணும். எல்லாத் துண்டிலும் ரோமம் தலையிலிருந்து காலுக்குப் படியணும். ஃபேக்டரிக்கு இது அன்றாட வேலை. சட்டை தைக்கும் கைக்குச் சொல்லித்தான் தரணும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ தைத்தவர் கிடைத்தால் விடாதீர்கள், வளைவுத் தையல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கண்: மூன்று வயதுக்குக் கீழ் என்றால் எங்கே தைத்தாலும் எம்பிராய்டரிதான். பொத்தான் வேண்டாம்.

சட்டம்: விற்கிற பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஃபேக்டரியிடம் முதலில் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள்.

பிறந்தநாளுக்கு ஒன்றிரண்டு என்றால் தையல்காரர் போதும். கடையில் வைத்து விற்க 300 என்றால் ஃபேக்டரிதான். அதற்கும் உள்ளூரில் ஒன்று தைத்து மாதிரியாக அனுப்பினால், சாம்பிள் திருத்தத்தில் ஒரு சுற்றாவது மிச்சம்.