தொங்கு கொடிக்கு மூங்கிலா, பிவிசியா, ஜிஐ பைப்பா? ரங்கூன் மழைக்கு எது தாங்கும்

ரங்கூன்ல மே கடைசியில மழை புடிச்சா அக்டோபர் வரைக்கும் ஒரு கைலி காயறதே பெரும்பாடு. வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் பக்கம் பெய்யுற மழை பூராவும் இந்த அஞ்சாறு மாசத்துலதான் கொட்டுது. டவுன் பக்கம் 12.5 அடி அகலம், 50 அடி நீளம்னு இருக்குற பிளாட்ல காத்து வர்றது முன்னாடியும் பின்னாடியும் மட்டும்தான், அதுல மடக்கு ஸ்டாண்ட விரிச்சா ஆள் நடக்க வழியில்ல, அதனால அத விட்டுடுவோம். சீலிங்ல கப்பி மாட்டி கயித்தால ஏத்தி இறக்குறதுதான் சரி, சூடான காத்து மேல நிக்கிறதால துணியும் கொஞ்சம் சீக்கிரம் காயும்.

எல்லாரும் முதல்ல போறது பிவிசிக்குத்தான். லேசா இருக்கும், துரு கிடையாது, வெள்ளைச் சட்டையில கறை படாது. ஆனா முக்கா இஞ்ச் பைப்ப 5 அடிக்கு போட்டு பிழிஞ்ச கைலிய வரிசையா தொங்கவிட்டுப் பாருங்க, நடுவுல வளைஞ்சு துணியெல்லாம் வழுக்கி ஒண்ணா சேர்ந்துக்கும், சேர்ந்த இடத்துல காத்து போகாம புளிச்ச வாடை வந்துடும். பால்கனியில வெயில் பட்டா நாளாக நாளாக நொறுங்கவும் செய்யும்.

ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு பைப், வளையாது, ஆனா வெட்டுன முனையில துத்தநாகப் பூச்சு போயிடறதால துரு அங்கதான் ஆரம்பிக்கும், துருக்கறை துணியில ஏறிடுச்சுன்னா போக்கறது கஷ்டம். போட்டா முனைக்கு பெயின்ட் அடிச்சு மூடி போட்டுடுங்க.

என் ஓட்டு மூங்கிலுக்குத்தான். இங்க கட்டடத்துக்கு சாரம் கட்டுறதே அதுலதானே, விலையும் கம்மி, பலமும் இருக்கு. பச்சையா வாங்காதீங்க, காயும்போது வெடிக்கும். முத்துன மூங்கிலா பாத்து ரெண்டு வாரம் தண்ணியில ஊறப்போட்டா உள்ள இருக்குற மாவுச்சத்து கரைஞ்சு பூச்சி அரிக்கறது குறையும். நிழல்ல காயவெச்சு, கணுவ உப்புத்தாள்ல தேச்சு வழவழன்னு ஆக்கி, ரெண்டு கை வார்னிஷ் அடிக்கணும், இல்லன்னா ஈரத்துல பூஞ்சை புடிச்சு துணியில பழுப்பு இறங்கும். இந்த வேலைக்கு நேரமே இல்லங்கிறவங்க 1 இஞ்ச் கனமான பிவிசி போட்டு நீளத்த 4 அடிக்குள்ள வெச்சுக்கோங்க.

கம்பு எதுவானாலும் காச மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் சீலிங் கொக்கி. ரெண்டு முனைக் கயிறும் ஒரே பக்கமா வந்து இறங்குறதால அந்தப் பக்கம் இரட்டைச் சக்கரக் கப்பி வேணும், 8 கிலோ ஈரத்துணிய இழுத்தா அந்தக் கொக்கி மேல மட்டும் கீழ்நோக்கி 12 கிலோ பாரம் விழும், துணியோட எடையவிட ஜாஸ்தி. கான்கிரீட்டுன்னா இரும்பு ஆங்கர் போல்ட் போடுங்க, பிளாஸ்டிக் பிளக் மேலேர்ந்து தொங்குற பாரத்துக்கு ஆகாது, மெல்ல உருவிக்கும். பழைய மர உத்திரம் இருந்தா வளையத் திருகாணிய நேரா உத்திரத்துலயே முறுக்குங்க, பலகையில மட்டும் வேண்டாம்.

கம்புக்கு கம்பு ஒரு சாண் இடைவெளி விடுங்க. வாடகை வீட்டுல ஓட்டை போட விடலன்னா, நல்லா ஊனியிருக்குற ஜன்னல் கிரில் மேல்கம்பியிலயே ரெண்டு கப்பியையும் கட்டி ஒத்தை மூங்கில தொங்கவிடலாம், சாரல் அடிக்கறப்ப உள்பக்கமா கட்டணும், அவ்வளவுதான்.