ஜி-குவாட்ருப்ளெக்ஸா, ஆர்-லூப்பா: செமினாருக்கு எது?

நாகமலை புதுக்கோட்டை டீக்கடையில் எம்.எஸ்சி. படிக்கிற தம்பி ஒருவன் "அண்ணே, செமினாருக்கு ஜி-குவாட்ருப்ளெக்ஸ், ஆர்-லூப் ரெண்டுல எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். டிஎன்ஏ வழக்கமான இரட்டைச் சுருளை விட்டு விலகும் இடங்கள்தான் இரண்டும். ஆனால் செல் அவற்றைக் கையாளும் விதம் வேறு.

குவாட்ருப்ளெக்ஸில், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் (ஜி) நான்கு நான்காகச் சதுரமாகச் சேர்ந்து, அந்தச் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் பொட்டாசியம் அயனி உட்கார்ந்து இறுக்கிவிடும். பூச்சரத்து நூலில் விழுந்த முடிச்சு மாதிரி, பெரும்பாலும் வெட்டாமல் பிரிக்கத்தான் வேண்டும். அதற்கு பிஎல்எம், டபிள்யூஆர்என் போன்ற ஹெலிகேஸ்கள், அதாவது இழைகளைப் பிரித்துவிடும் நொதிகள். முதலாவது கெட்டால் வளர்ச்சி குன்றி புற்றுநோய் எளிதில் வரும் ப்ளூம் நோய், இரண்டாவது கெட்டால் இளவயதிலேயே முதுமை காட்டும் வெர்னர் நோய். (இந்த நொதிகளுக்கு வேறு வேலைகளும் உண்டு, பழியை முழுக்க முடிச்சின்மேல் போடாதே.)

ஆர்-லூப்பில், டிஎன்ஏவிலிருந்து புதிதாக நகலெடுத்த ஆர்என்ஏ, தன் அச்சு இழையிலேயே (எந்த டிஎன்ஏ இழையைப் பார்த்து உருவானதோ அதிலேயே) ஒட்டிக்கொள்ள, இன்னொரு டிஎன்ஏ இழை தனியே தொங்கும். இங்கே செல்லுக்கு வெட்டும் வசதியும் இருக்கிறது: ஆர்என்ஏஸ் ஹெச் நொதிகள் ஆர்என்ஏவை நறுக்கும், செனடாக்ஸின் என்ற ஹெலிகேஸ் பிரித்துவிடும். செனடாக்ஸின் மரபணு மாறினால் ஏஎல்எஸ்-4 என்ற, தசைகளை இயக்கும் நரம்புகளைப் பாதிக்கும் ஏஎல்எஸ் நோயின் ஒரு வகை வரலாம். அப்புறம், எல்லா ஆர்-லூப்பும் கெட்டதில்லை, நோய் எதிர்ப்புக்கான பி செல்கள் தாங்கள் உண்டாக்கும் ஆன்டிபாடியின் வகையை மாற்ற இதையே பயன்படுத்துகின்றன.

என்னைக் கேட்டால் ஆர்-லூப்தான், கதை அதிகம். தைரியம் இருந்தால் சி9ஓஆர்எஃப்72 மரபணுவை எடு, ஏஎல்எஸ் நோயோடு தொடர்புள்ள அதில் திரும்பத் திரும்ப வரும் ஜிஜிஜிஜிசிசி என்ற எழுத்துத் தொடரில் இரண்டுமே உருவாகும்.