ராயல் மைலில் கில்ட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தினமும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், பின்பக்கம் கொசுவம் வைத்த கட்டம்போட்ட உடை) கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான். கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக் கட்டும் உள்ளூர்க்காரர்களே என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். இத்தனை பழக்கம் இருந்தும் ஏமாந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பழையது நைந்துபோய், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ராயல் மைல் தெருவில் பேக்பைப் இசையை வாசல்வரை அலறவிட்டிருந்த ஒரு கடைக்குள் போனேன். "சுத்தக் கம்பளி, எட்டு கெஜம்" என்றார் கடைக்காரர். விலை 180 பவுண்ட். கையால் தைத்தது என்றால் பல நூறு பவுண்ட் ஆகும். இது மெஷின் தையல், தினப்படிக்குப் போதும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரொக்கம் தந்தால் 20 குறைப்பேன் என்றார். தந்தேன். டேப்பையே எடுக்காமல் பேண்ட் சைஸை மட்டும் கேட்டார். கில்ட் நிற்பது தொப்புள் மட்டத்தில், பேண்ட் அதற்குக் கீழே. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு மழை. பின்பக்கக் கொசுவம் முழுக்க விரிந்து பாவாடை மாதிரி ஆகிவிட்டது. சந்தேகம் வந்து, உள்பக்கம் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. அக்ரிலிக்! கீழ் ஓரத்தையும் அப்போதுதான் பார்த்தேன். நல்ல கில்ட்டுக்கு அங்கே நெசவுக்கரையே வரும், மடித்துத் தைக்க மாட்டார்கள். இதில் மடித்துத் தைத்திருந்தது. கொசுவத்தைப் பிரித்து அளந்தால் ஐந்து கெஜம்கூடத் தேறவில்லை. லேபிளில் 'ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது' என்று இருந்தது. எங்கே தைத்தார்கள் என்று மூச்சு இல்லை.

24ஆம் நாள் திருப்பிக் கொண்டுபோனேன். "கட்டிய துணியைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம் என்று 2015ஆம் வருட நுகர்வோர் சட்டம் இருக்கிறது. ஆனால் என் பில்லில் 'கில்ட் 1' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கம்பளி என்று சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 100 பவுண்டைத் தாண்டிய பொருள் என்பதால் கார்டு கம்பெனியிடமாவது கேட்டிருக்கலாம். 20 பவுண்டுக்கு ஆசைப்பட்டு அதையும் கெடுத்துக்கொண்டேன்.

வாங்குவதானால் துணி என்ன, எத்தனை கெஜம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம், டேப் எடுக்காத கடையில் பர்ஸையும் எடுக்காதீர்கள்.