அம்பாசடர் ஹெட்லைட்: பழசே போதுமா, புதுசு மாட்டணுமா?

வீட்டில் நிற்பது 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4. அப்பா வாங்கிய வண்டி. பகலில் ராஜா மாதிரி போகும், இருட்டிவிட்டால் தடவ ஆரம்பிக்கும். திருச்சியிலிருந்து மதுரை போகையில் விராலிமலை தாண்டி எதிரே ஒரு பஸ் வந்தால் போதும், ரோட்டோர வெள்ளைக்கோடுகூடக் கண்ணில் படாது.

ஒரிஜினல் ஹெட்லைட் ஏழு அங்குல வட்டக் கண்ணாடி, உள்ளே பழைய 45/40 வாட் பல்பு (பிரைட்டுக்கு 45, டிம்முக்கு 40). பல்புக்குப் பின்னாலிருந்து வெளிச்சத்தை முன்னே திருப்புகிற ரிஃப்ளெக்டர் டீக்கறை பிடித்த டம்ளர் போலப் பழுப்பேறிக் கிடந்தது. அதைக் கழற்றி ஒரு பிளேட்டிங் கடையில் குரோம் பூசக் கொடுத்தேன். வெள்ளித் தாம்பாளம் மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. மாட்டிப் பார்த்தால் பழைய கதைதான், பெரிதாக ஒன்றும் கூடவில்லை. அலுமினியப் பூச்சு விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; குரோம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. இதைப் பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்தது எல்இடி. ஜீப்புக்கும் புல்லட்டுக்கும் போடுகிற அதே ஏழு அங்குல செட். முதல் வாரம் ஒரே குஷி. வேட்டி கட்டிய தாத்தாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் டிம் போட்டும் எதிரே வந்த லாரிக்காரர்கள் விடாமல் பிரைட் அடித்துத் திட்டினார்கள். ஒருநாள் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டிம் வெளிச்சம் வலது பக்கம் மேலே ஏறியிருந்தது. வலப்பக்கமாக வண்டி ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த சரக்கு அது. நம் ஊருக்கு இடப்பக்கம்தான் ஏறவேண்டும். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பாய். "லைட்டை விடுங்க சார், ஒயரைப் பார்ப்போம்" என்று மீட்டரை வைத்தார். பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பு முனையில் 10.4. வழியிலேயே இரண்டு வோல்ட் காணோம். ஹெட்லைட்டுக்குப் போகிற கரண்ட் முழுக்க நாற்பது வருஷத்து ஸ்விட்ச், டிம்-பிரைட் மாற்றக் காலால் மிதிக்கிற டிப்பர், இற்றுப்போன ஒயர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் பல மடங்கு வேகமாக இறங்கும். இந்தக் கணக்குக்கு ஏறத்தாழ பாதி வெளிச்சம் போய்விடும்! பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே (ஸ்விட்சிலிருந்து கொஞ்சம் கரண்ட் வாங்கி, லைட்டுக்கான பெரிய கரண்டைத் தானே திறந்துவிடுகிற பெட்டி), பியூஸ், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், புது எர்த். இதை முதலிலேயே செய்திருந்தால் குரோம் செலவும் எல்இடி செலவும் மிச்சம்.

குரோம் பூசியதை இனி மாட்டிப் பயனில்லை. அதனால் நம் ஊர் ரோட்டுக்கென்று செய்த, கண்ணாடி முகப்புள்ள எச்4 (ஹாலோஜன் பல்பு) யூனிட் வாங்கினேன். 60/55 வாட். பழைய கிண்ணத்திலும் குரோம் வளையத்திலும் அப்படியே உட்கார்ந்தது. வெளியே பார்த்தால் மாற்றியது தெரியாது. 100/90 வாட் பல்பு போடச் சொன்னவர்கள் உண்டு. என்னுடையது டைனமோ வண்டி, ஸ்லோவில் நின்றால் சார்ஜ் ஏறாது. 60 வாட் இரண்டு எரிந்தாலே பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் போகும், அதற்கு மேல் கேட்பது பாவம்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. வலது பல்பு ஒருமுறை மாற்றினேன். பின்பக்க ரப்பர் மூடி வெடித்து ஒரு மழையில் உள்ளே ஆவி படிந்தது, மூடியை மாற்றியதும் சரி. துவரங்குறிச்சி பக்கம் கல் தெறித்து இடது கண்ணாடி விரிசல் விட்டது. ஜீப்புக்கும் அதே அளவு என்பதால் மறுநாளே கடையில் கிடைத்தது.

உங்கள் வண்டியில் ரிஃப்ளெக்டர் இன்னும் வெள்ளையாக இருந்தால் ஒரிஜினலைத் தொடாதீர்கள், ரிலே மட்டும் போடுங்கள். என் பழைய ஜோடி, எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க நடுவில் வைத்த கறுப்புப் பொட்டோடு பரணில் பேப்பர் சுற்றிக் கிடக்கிறது. குரோமைச் சுரண்டி எடுத்து முறையாக அலுமினியம் ஏற்றித் தருகிற ஆள் கிடைத்தால், ரிலே வைத்த ஒயரில் அதை ஒருமுறை எரியவிட்டுப் பார்க்கவேண்டும்.