ஏழாவது கட்டடம்: குண்டா, தீயா?

2001 செப்டம்பர் 11 மாலை 5.20க்குச் சரிந்த, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 47 மாடி ஏழாவது கட்டடத்தின் மீது எந்த விமானமும் மோதவில்லை. அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்னும் சதிக் கோட்பாட்டின் வலுவான பிடி இதுதான். தீயால் எஃகை உருக்க முடியாது, அதனால் வெடிதான் என்ற 'உருகிய எஃகு' வாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எஃகு உருகத் தேவையில்லை, சுமார் 600 டிகிரி செல்சியஸிலேயே பாதி வலு போய்விடும்.

வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பவர்கள் காட்டுவது தடையற்ற வீழ்ச்சியை, அதாவது கீழே எதுவும் தாங்காததுபோல் கட்டடம் புவியீர்ப்பின் முழு முடுக்கத்தில் விழுந்ததை. இது உண்மையான கேள்வி. சரிவை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2008 ஆகஸ்ட் வரைவில் இதை ஏற்கவில்லை. விமர்சனம் வந்தபின், நவம்பர் இறுதி அறிக்கையில் 2.25 விநாடி அப்படி விழுந்ததாக ஒப்புக்கொண்டது. அந்தத் திருத்தம் விமர்சகர்களின் வெற்றி. ஆனால் அது வெடிகுண்டுக்குச் சான்றல்ல.

நிஸ்ட் விளக்கம் இது: விமானம் மோதிச் சரிந்த பக்கத்து வடக்குக் கோபுரத்தின் இடிபாடு தீ மூட்டியது. நகரின் தண்ணீர்க் குழாய் உடைந்ததால் கீழ் மாடிகளின் தீயணைப்புத் தெளிப்பான்களுக்குத் தண்ணீர் இல்லை. சூட்டில் விரிந்து நீண்டுபோன தளவிட்டங்கள், 13ஆம் தளத்தில் 79ஆம் தூணோடு சேர்ந்த உத்தரத்தைத் தாங்கியிலிருந்து தள்ளின. தளங்கள் அடுக்கடுக்காக விழ, பிடிமானமிழந்த தூண் வளைந்தது. உள்கூடு முதலில் போனது. கிழக்குக் கூரைமாடம் சில விநாடி முன்பே உள்ளிறங்கியது காணொளியில் தெரிகிறது. வெளிச்சுவர் வளைந்தபின் தடுக்க எதுவுமில்லை; அந்த 2.25 விநாடி அதுதான்.

அந்தத் தூணை வெடியால் வெட்டியிருந்தால் அரை மைல் தள்ளியும் 130 முதல் 140 டெசிபல் கேட்டிருக்கும். எந்த ஒலிப்பதிவிலும் அது இல்லை.