காமா-எச்2ஏஎக்ஸ் ஆன்டிபாடி: சரக்கு நல்லது, பார்சல்தான் சொதப்பல்

தர்மபுரியில் எங்கள் ஆய்வகத்துக்கு, டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் காமா-எச்2ஏஎக்ஸ் (பாஸ்பேட் ஏறிய ஒரு ஹிஸ்டோன் புரதம்) ஆன்டிபாடி, அதாவது அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டும் இன்னொரு புரதம், வாங்கினோம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகிவிடும், ஆனால் கூரியரில் இரண்டு நாள் கிடங்கிலேயே போட்டுவிட்டார்கள், சித்திரை வெயில் வேறு, பிரித்தால் ஜெல் பேக் வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது. போச்சு என்றுதான் நினைத்தேன்.

நல்லவேளை, வேலை செய்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்து மெம்பிரேனில் ஏற்றிப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில், டிஎன்ஏவை அறுக்கும் மருந்தான எட்டோபோசைடு கொடுத்த ஹீலா செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்) 15 கிலோடால்டன் எடைப் பக்கம் பளிச்சென்று பட்டை, கொடுக்காததில் லேசான நிழல்தான். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மெம்பிரேனை பிளாக் செய்யப் பால் பவுடர் மட்டும் வேண்டாம். பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுத்துவிடும், பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்து அல்புமின் புரதம்) போடுங்கள். மெம்பிரேனும் 0.2 மைக்ரான் துளை உள்ளதாக எடுங்கள், 0.45 என்றால் இந்தக் குட்டிப் புரதம் நழுவி ஓடிவிடுகிறது. விலைதான் வயிற்றைக் கலக்குகிறது.